அணைதலும் தணிதலும்: உலோக அயனிகளை ஒளியால் அறியும் உணரிகளும் நம் கலைச்சொற்களும்



இம்மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் மொழியியல் பயின்ற ஒருவர் வேதியியற் பொருளொன்றைத் தலைப்பாக எடுத்துக்கொண்டது சிலர்க்கு வியப்பளித்திருக்கலாம். கரைசலில் உள்ள உலோக அயனிகளை ஒளியால் கண்டறியும் மூலக்கூறுகளைப் பற்றிப் பேச நமக்கு என்ன தகுதி என்று கேட்பதும் முறையே. அத்துறையில் நாம் ஒரு பிழை செய்தோம் என்பதுதான் தகுதி. அப்பிழையிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம்.

ஒரு திருத்தமும் அதன் பிழையும்

நாம் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், வேதியியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர் ஒருவர் நம்மிடம் வந்தார். பள்ளி அறிவியற் கண்காட்சி ஒன்றுக்காகத் தம் ஆய்வைத் தமிழில் இரண்டு பக்கங்களில் எழுதியிருந்தார். மொழிநடையைச் செப்பம் செய்து தரவேண்டும் என்றார். அதில் ஒரு தொடர் இது: ‘துத்தநாக அயனி அணைந்ததும் இம்மூலக்கூறு ஒளிர்கிறது.’

நாம் அத்தொடரைப் படித்தோம். விளக்கு அணையும், தீ அணையும், அயனி எப்படி அணையும் என்று எண்ணினோம். இளைஞர் ‘இல்லாமற்போனதும்’ என்று சொல்லவந்து சொல் தடுமாறியிருக்கிறார் என்று முடிவு செய்து, சிவப்பு மையால் அடித்து, ‘துத்தநாக அயனி அகன்றதும் இம்மூலக்கூறு ஒளிர்கிறது’ என்று திருத்தினோம். முதியவர் திருத்தம் என்பதால் இளைஞரும் மறுபடி பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார்.

கண்காட்சியின் இரண்டாம் நாள், இடைநிலைப்பள்ளி மாணவி ஒருத்தி அப்பலகையைப் படித்துவிட்டு, புறஊதா விளக்கின்கீழ் வைத்திருந்த சோதனைக் குழாய்களையும் பார்த்தாளாம். ‘அண்ணா, துத்தநாகம் அகன்றால் ஒளிரும் என்று எழுதியிருக்கிறீர்கள். துத்தநாகமே சேர்க்காத குழாய் இருட்டாக அல்லவா இருக்கிறது?’ என்று கேட்டாளாம். இளைஞர் இதை நம்மிடம் மிகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். அவர் எழுதியிருந்த ‘அணைந்ததும்’ என்பதற்குச் ‘சேர்ந்ததும், தழுவியதும்’ என்பது பொருள். நற்றமிழ் வழக்கு அது. வேதியியல் நூல்களில் ‘அணைவுச் சேர்மம்’ என்று வழங்கும் சொல்லும் அவ்வேரிலிருந்து வந்ததே. நாம்தான் அதைத் தலைகீழாக்கினோம். குழாயில் இருந்த கரைசல் சரியாகச் சொன்னதை நம் தமிழ் தவறாகச் சொன்னது.

அந்த மாணவி குழாயை நம்பினாள், பலகையை ஐயுற்றாள். அது அறிவியல் மனம். ஆயினும், பலகையை நம்பிச் சென்ற ஏனைய பிள்ளைகள் எத்தனை பேரோ. அந்த எண்ணமே நம்மை இத்துறையைக் கற்கத் தூண்டியது.

உடனொளிர்வு

முதலில் ஒளியைப் பற்றிச் சில சொல்வோம். சில பொருள்கள் கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை உறிஞ்சிக்கொண்டு, கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக வெளிவிடுகின்றன. உறிஞ்சிய ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகக் கழிந்துவிடுவதால், வெளிவரும் ஒளி உறிஞ்சிய கதிரைவிட நீண்ட அலைநீளம் உடையதாகிறது. அயர்லாந்தில் பிறந்த அறிஞர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ் 1852ஆம் ஆண்டில் இதனை விரிவாக ஆராய்ந்தார். அவர் பயன்படுத்திய பொருள்களுள் ஒன்று குயினைன் கரைசல். மலாயாத் தோட்டப்புறங்களில் மலேரியாக் காய்ச்சலுக்காக நம் முன்னோர் முகஞ்சுளித்து விழுங்கிய அதே கசப்பு மருந்துதான். அக்கரைசல் புறஊதாக் கதிரில் நீலமாய் ஒளிரும்.

இந்நிகழ்வுக்கு ‘ஃபுளூரசன்ஸ்’ என்று பெயரிட்டவரும் ஸ்டோக்ஸே. ஃபுளூர்ஸ்பார் என்னும் கனிமத்தின் பெயரிலிருந்து அதை ஆக்கினார். அக்கனிமத்தின் பெயரோ ‘பாய்தல், ஒழுகுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து வந்தது. உலோகத்தை உருக்கும்போது அது உருகி ஓட உதவியதால் அப்பெயர் அமைந்தது. ஆக, ஆங்கிலச் சொல்லில் ஒளியைக் குறிக்கும் வேர் எதுவும் இல்லை. ஒலிபெயர்த்து மட்டும் படிக்கும் மாணவர்கள் இதில் ஃபுளூரின் என்னும் தனிமம் கலந்திருக்கும் என்று எண்ணிவிடுவதுண்டு.

தமிழில் ‘உடனொளிர்வு’ என்கிறோம். கதிர் பட்டவுடன், பெரும்பாலும் ஒரு நொடியின் நூறுகோடியில் சில பங்கு நேரத்தில், ஒளிர்ந்து முடிவது இது. கதிர் நின்ற பின்னும் நீடித்து ஒளிர்வதை ‘நின்றொளிர்வு’ என்கிறோம். இவ்விணைச் சொற்கள் நிகழ்வின் வேறுபாட்டைத் தம்முள்ளேயே வைத்திருக்கின்றன. நம் கலைச்சொல்லாக்கம் வெற்றி பெற்ற இடங்களுள் இதுவும் ஒன்று.

பலாமரத்தின் மஞ்சள்

ஒளியைக் கொண்டு உலோகத்தை அறியும் முறை புதியதன்று. சுவிட்சர்லாந்து வேதியியலார் ஃபிரீடரிக் கோப்பல்ஸ்ரோடர் 1867ஆம் ஆண்டிலேயே, மோரின் என்னும் மஞ்சட் சாயம் அலுமினிய அயனியோடு சேரும்போது பச்சையாய் ஒளிர்வதைக் கொண்டு அலுமினியத்தைக் கண்டறிந்தார். மோரின் நமக்கு அந்நியப் பொருள் அன்று. பலாமரத்தின் வைரத்தில் உள்ள மஞ்சள் நிறத்துக்கு மோரினும் ஒரு காரணம். மரத்துறவாடை எனத் தக்க காவி மஞ்சளைப் பௌத்தத் துறவியர் பலாமரத் துண்டுகளைக் கொதிக்கவைத்தே பெற்றனர். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் மரத்துக்குள் ஓர் உலோக உணரி உறங்குகிறது என்று மாணவரிடம் சொல்லிப் பாருங்கள், வகுப்பறை நிமிர்ந்து உட்காரும்.

மோரின் அலுமினியத்தைப் பிடித்துக்கொள்ளும் விதம் குறிப்பிடத்தக்கது. தன்னிடமுள்ள இரண்டு ஆக்சிஜன் அணுக்களால் அயனியை இருபுறமும் பற்றுகிறது. நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இவ்வகைப் பிணைப்புக்கு 1920இல் பெயரிட்டனர். நம் பாடநூல்கள் ‘கொடுக்கிணைப்பு’ என்கின்றன. படத்தைப் பார்க்காமலே சொல்லைக் கேட்டு ஒரு பிள்ளை அமைப்பை ஊகித்துவிடலாம்.

உணர்தலும் உணர்த்தலும்

கோப்பல்ஸ்ரோடர் இயற்கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். வேண்டிய அயனிக்கு வேண்டிய மூலக்கூறை வடிவமைத்துக்கொள்ளும் காலம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. சார்லஸ் பெடர்சன் 1967இல் வெளியிட்ட மகுட ஈதர்கள் அதற்கு வழிவகுத்தன. அவை வளைய வடிவ மூலக்கூறுகள். வளையத்தின் உள்வெளி சிறிதானால் சோடியம் பொருந்தும், சற்றுப் பெரிதானால் பொட்டாசியம் பொருந்தும். இதற்காக 1987இல் அவர் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

இவ்வகை வளையத்தோடு ஒளிரும் மூலக்கூறு ஒன்றை இணைத்தால் என்ன? இலங்கையில் பிறந்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் பயின்று, பின்னர் பெல்ஃபாஸ்டு நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரசன்ன டி சில்வா இவ்வினாவை ஆழமாக ஆராய்ந்தவர்களுள் முதன்மையானவர். அவர் வகுத்த அமைப்பில் மூன்று பகுதிகள் உண்டு: அயனியை ஏற்கும் ஏற்பி, ஒளிரும் பகுதி, இரண்டையும் பிரித்து நிறுத்தும் சிறு இடைப்பகுதி.

இது செயற்படும் விதத்தை எளிமையாகச் சொல்வோம். ஒளிரும் பகுதி கதிரை உறிஞ்சியதும் அதிலுள்ள எலக்ட்ரான் ஒன்று உயர்நிலைக்கு ஏறுகிறது. அது இருந்த இடம் காலியாகிறது. ஏறிய எலக்ட்ரான் மீண்டும் அவ்விடத்துக்கு இறங்கினால் ஒளி பிறக்கும். ஆனால் அருகே ஏற்பியில் உள்ள நைட்ரஜன் அணுவிடம் பிணைப்பில் ஈடுபடாத எலக்ட்ரான் இணை ஒன்று இருக்கிறது. அவ்விணையிலிருந்து ஓர் எலக்ட்ரான் தாவி வந்து காலியிடத்தில் அமர்ந்துவிடுகிறது. ஏறியது தன் பழைய இடத்துக்கு இறங்க முடிவதில்லை. ஆற்றல் ஒளியாகாமலே கழிந்துவிடுகிறது. இப்போது உலோக அயனி ஒன்று வந்து நைட்ரஜனை அணைந்தால், அந்த எலக்ட்ரான் இணை அயனியின் பிடியில் சிக்கிக்கொள்கிறது, தாவ இயலாது. இடையூறு நீங்கியதால் மூலக்கூறு ஒளிர்கிறது. அந்த மாணவி கண்ட இருட்டுக் குழாய்க்கும் ஒளிர்ந்த குழாய்க்கும் காரணம் இதுவே.

இங்கே தமிழிலக்கணம் நமக்குக் கைகொடுக்கிறது. ‘உணர்’ என்பது தன்வினை, ‘உணர்த்து’ என்பது பிறவினை. ஏற்பி அயனியை உணர்கிறது. ஒளிரும் பகுதி அதை நமக்கு உணர்த்துகிறது. ஒன்று மட்டும் இருந்தால் பயனில்லை. உணர்ந்தும் உணர்த்தாத மூலக்கூறு ஊமை. உணராமலே ஒளிர்வது வெறும் சாயம். ‘உணரி’ என்று ஒரு சொல்லாகச் சொல்லிக் கடந்துவிடாமல், உணர் பகுதி, உணர்த்து பகுதி என்று பிரித்துச் சொன்னால் மாணவர்க்கு அமைப்பு விளங்கிவிடும்.

டி சில்வா குழுவினர் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மூலக்கூறு இன்னும் சுவையானது. ஹைட்ரஜன் அயனி மட்டும் வந்தால் அது நன்கு ஒளிராது. சோடியம் அயனி மட்டும் வந்தாலும் நன்கு ஒளிராது. ஹைட்ரஜன் அயனியும் சோடியம் அயனியும் வந்தால்தான் சுடர்விடும். கணிப்பொறியியலில் தருக்க வாயில் எனப்படுவது இது. நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணும்மை என்பார்கள்.

அணைதல் என்னும் சொல்

இனி, நம்மை இடறச் செய்த சொல்லுக்கு வருவோம். ‘அணை’ என்பதற்குச் சேர்தல், தழுவுதல் என்றும் பொருள் உண்டு, அவிதல் என்றும் பொருள் உண்டு. அணைந்தது, அணைத்தது என்னும் இருவகை வடிவங்களிலும் இவ்விரு பொருள்களும் வழங்குகின்றன. ஆகவே வினைவடிவத்தைக் கொண்டு பிரித்தறிய வழியில்லை. அன்றாடப் பேச்சில் இதனால் இடர் இல்லை. குழந்தையை அணைத்தாள் என்றால் ஒன்று, விளக்கை அணைத்தாள் என்றால் மற்றொன்று. நாம் பேசும் துறையிலோ தழுவப்படும் அயனியும் அவியும் ஒளியும் ஒரே தொடரில் வருகின்றன. செம்பின் இரட்டை நேர்மின் அயனி பல உணரிகளில் ஒளியைக் குறைத்துவிடும் இயல்புடையது. இதை ‘செம்பு அயனி அணைந்ததும் ஒளி அணைகிறது’ என்று எழுதினால், எழுதியவர்க்குத் தெளிவு, படிப்பவர்க்கு மயக்கம்.

மாற்றுச்சொல் தேடினோம். ‘பற்றுதல்’ என்று வைக்கலாமா? ‘அயனியைப் பற்றி’ என்று எழுதியதும் அது ‘குறித்து’ என்னும் பொருளைத் தந்துவிடுகிறது. ‘பிணைதல்’ எல்லாவகை வேதிப் பிணைப்புக்கும் பொதுவாகிவிட்டது. மேலும் ‘அணைவுச் சேர்மம்’ நூல்களில் வேரூன்றிவிட்டது. எனவே அயனிக்கு ‘அணைதல்’ இருக்கட்டும் என்று விட்டு, ஒளிக்கு வேறு சொல் பார்த்தோம்.

ஒளிக்குத் ‘தணிதல்’ என்பதே பொருத்தம் என்பது நம் கருத்து. நூல்கள் சிலவற்றில் ‘தணிப்பு’ என்னும் சொல் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை வழிமொழிவதற்குக் காரணம் மயக்கம் தீர்வது மட்டும் அன்று. விளக்கு எரியும் அல்லது அணையும், இடைநிலை இல்லை. சினம் தணியும், தாகம் தணியும், காய்ச்சல் தணியும். இவை படிப்படியாகக் குறைபவை, இவ்வளவு தணிந்தது என்று சொல்லக் கூடியவை. உணரியின் ஒளியும் அத்தகையது. அயனி மிக மிக ஒளி குறைந்துகொண்டே வரும். எவ்வளவு குறைந்தது என்று அளந்துதான் எவ்வளவு அயனி இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள். ‘அணைகிறது’ என்று சொல்லும்போது அந்த அளவு என்னும் கருத்தே மறைந்துவிடுகிறது. ‘செம்பு அயனி அணைய அணைய ஒளி தணிகிறது’ என்று எழுதிப் பாருங்கள். அளவுக்கேற்ற மாற்றம் தொடரிலேயே தெரிகிறது.

ஈயம் எது?

உணரியின் தரத்தை இரண்டு பண்புகளால் மதிப்பிடுகிறார்கள். மிகக் குறைந்த அளவையும் அறிவது உணர்திறன். பல அயனிகளுக்கு இடையே ஒன்றை மட்டும் அறிவது தேர்திறன். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் காரீயத்துக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். செம்புக்கு அது 2 மில்லிகிராம், அதாவது 200 மடங்கு. அதே நீரில் கால்சியம் பல பத்து மில்லிகிராம் இருப்பது இயல்பு. தன்னைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மிகுந்த கூட்டத்துக்கிடையே காரீய அயனியை அடையாளங் காணவேண்டும். கால்சியத்தையும் காரீயத்தையும் ஒன்றாகக் கருதி ஒளிரும் உணரியால் பயனில்லை. நல்ல நீரையும் நச்சு நீர் என்று சொல்லிவிடும்.

இப்போது நாம் ‘காரீயம்’ என்றே சொல்லி வந்ததைக் கவனித்திருப்பீர்கள். ‘ஈயம்’ என்று சொன்னால் இந்நாட்டுத் தமிழர்க்கு எது நினைவுக்கு வரும்? ஈப்போவைச் சுற்றியிருந்த ஈயச் சுரங்கங்கள் நினைவுக்கு வரும். அங்கே எடுத்தது வெள்ளீயம். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசிய ஈயமும் வெள்ளீயம். பாட்டி இரசம் வைத்த ஈயச் சொம்பும் வெள்ளீயமாகவே இருத்தல் வேண்டும். பாடநூலிலோ ‘ஈயம் நச்சு உலோகம்’ என்று இருக்கிறது. அங்கே குறிப்பது காரீயம். இருவேறு உலோகங்களை ஒரே சொல்லால் அழைத்தால் பிள்ளை இரண்டில் ஒரு முடிவுக்கு வரும். இரசச் சொம்பு நஞ்சு என்று அஞ்சும், அல்லது சுரங்கத்து ஈயம் தீங்கற்றதாயின் குழாய் நீரில் வரும் ஈயமும் தீங்கற்றதே என்று எண்ணும். இரண்டாவது முடிவு உயிரோடு தொடர்புடையது. காரீயம் சிறு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும்.

ஆசிரியர்கள் வகுப்பறையில் ‘ஈயம்’ என்று தனியே சொல்லாமல் எப்போதும் ‘காரீயம்’, ‘வெள்ளீயம்’ என்றே சொல்லவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். இது தூய தமிழ்ப் பற்றினால் எழுந்த வேண்டுகோள் அன்று, சொல்லின் தேர்திறன் பற்றிய வேண்டுகோள். இவ்வாறே, துத்தநாகத்தை இலங்கைப் பாடநூல்கள் ‘நாகம்’ என்கின்றன. இணையத்தில் தேடிப் படிக்கும் மாணவர் இரண்டும் ஒன்றே என்பதை அறிந்திருத்தல் நலம்.

மீள்வதும் மீளாததும்

இன்னும் இரண்டு செய்திகளைச் சுருக்கமாகச் சொல்வோம். அமெரிக்க வேதியியலார் அந்தோணி சார்னிக் குழுவினர் 1997இல், நீரில் செம்பு அயனி பட்டதும் வளையம் திறந்து, வேதிமாற்றம் அடைந்து, நிறமும் ஒளியும் பெறும் ரோடமின் வகை மூலக்கூறு ஒன்றை வெளியிட்டனர். செம்பை நீக்கினாலும் அது பழைய நிலைக்குத் திரும்பாது. முன்னர்ச் சொன்ன உணரிகளோ அயனியை விட்டதும் பழைய நிலைக்குத் திரும்புபவை. முதலாவது உடைத்த அரக்கு முத்திரை போன்றது, இரண்டாவது வாசல் மணி போன்றது. ஆங்கிலத்தில் இவற்றுக்கு வெவ்வேறு பெயர்கள் உண்டு. தமிழில் ‘மீளும் உணரி’, ‘மீளா உணரி’ என்று சொன்னால் போதும். புதுச்சொல் தேடி அலையவேண்டியதில்லை. நம் பெயரெச்சமே வேலையைச் செய்துவிடுகிறது.

மற்றொன்று, கால்சியம் பற்றியது. ரோஜர் சியென் குழுவினர் 1985இல் ஃபுரா-2 என்னும் சாயத்தை அறிமுகப்படுத்தினர். இவர் பின்னர் 2008இல் பச்சை ஒளிர்புரத ஆய்வுக்காக நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். உயிரணுவுக்குள் ஒளி குறைந்தால், கால்சியம் குறைந்ததாலா, சாயமே குறைவாக இருப்பதாலா என்னும் ஐயம் எழும். ஃபுரா-2 சாயத்தை 340, 380 நானோமீட்டர் என்னும் இரு அலைநீளங்களில் தூண்டி, ஒளிர்வின் விகிதத்தைப் பார்த்தால் அவ்வையம் தீரும். கால்சியம் மிகும்போது ஒன்று ஏறும், மற்றது இறங்கும். சாயத்தின் அளவு கணக்கிலிருந்து நீங்கிவிடும். ஒரே சான்றை நம்பாமல் இரண்டை ஒப்பிடும் இம்முறையை நாம் அப்பலகையைத் திருத்தியபோது கைக்கொண்டிருக்கலாம். எழுதியவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

ஆசிரியர்க்கு ஒரு வேண்டுகோள்

நம் நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் சில காலம் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். பின்னர் அவை தமிழுக்குத் திரும்பின. திரும்பிய அறிவியலைத் தமிழில் எவ்வாறு சொல்கிறோம் என்பது இப்போது நம் பொறுப்பு. ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் பிள்ளை வேறு மொழியில் படிக்கப் போகிறது. தமிழில் அது கொண்டுசெல்வது சொற்பட்டியலாக இருந்தால் ஓராண்டில் மறந்துவிடும். ஒரு நிகழ்வைத் தமிழில் பிழையின்றி விளக்கும் பழக்கமாக இருந்தால் எம்மொழியிலும் உதவும்.

ஆகவே, கலைச்சொற்களைத் தனிச்சொற்களாக மனப்பாடம் செய்விப்பதை விட்டு, தொடரில் வைத்துச் சோதிக்குமாறு வேண்டுகிறோம். எளிய செயற்பாடு ஒன்று உண்டு. கடையில் விற்கும், குயினைன் கலந்த டானிக் நீரை இருட்டறையில் புறஊதாக் கைவிளக்கின்கீழ் வையுங்கள். விளக்கை யாருடைய கண்ணிலும் காட்டலாகாது. நீர் நீலமாய் ஒளிரும். அதில் சமையல் உப்பைச் சிறிது சிறிதாகக் கரையுங்கள். ஒளி மங்கி வரும். இதற்குக் காரணம் உப்பிலுள்ள உலோகமாகிய சோடியம் அன்று, அதனோடு வரும் குளோரைடு அயனி. இதையும் சொல்லிவிடவேண்டும். இல்லையேல் நாம் வேறொரு தவறான பலகையை எழுதியவர்கள் ஆவோம். பின்னர், கண்டதை ஒரே தொடரில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் குழாயைப் பார்க்காத மற்றொரு மாணவரிடம் கொடுத்து, குழாயில் என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் தொடர் நன்று. தவறாகச் சொன்னால் குறை படித்தவரிடம் இல்லை, தொடரில் இருக்கிறது.

நாம் திருத்திய பலகை இப்போது எங்கே இருக்கிறதோ தெரியாது. அந்த மாணவியையும் நாம் நேரிற் கண்டதில்லை. அவள் கேட்ட வினாவுக்கு விடையாக இவ்வுரையைக் கொள்ளுமாறு வேண்டி, திருத்தப்பட்ட அத்தொடரை அதன் பழைய வடிவிலேயே இங்குப் பதிவு செய்கிறோம்: துத்தநாக அயனி அணைந்ததும் இம்மூலக்கூறு ஒளிர்கிறது.